படம் நன்றாக விழும் உடம்பு

இடது பக்கமாக ஒருக்களித்து, இடது கையைத் தலைக்கடியில் மடக்கி வைத்து ஒல்லி படுத்திருந்தாள். ஜெல் சில்லென்று விலாவில் வழிந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குண்டுப்பெண் ஸ்கேன் மெஷினின் ப்ரோபை மார்பெலும்பின் ஓரத்தில் அழுத்தி, "வால்வு தெரியுது, வால்வு தெரியுது!" என்று கூவினாள். மற்ற மாணவிகள் திரையை எட்டிப் பார்த்தார்கள். ஒல்லிக்குச் சுவர்தான் தெரிந்தது.

இதயத்தைப் படம் எடுக்கும் டெக்னீஷியன் படிப்பு அது. ஒருவரை ஒருவர் படுக்க வைத்துப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் வாரத்திலேயே ஏற்பாடு காற்றில் பறந்தது. குண்டுப்பெண்ணுக்குப் படம் மங்கலாக விழும். இன்னொருத்திக்கு ப்ரோப் பட்டாலே கூச்சம், நெளிந்து கருவியைத் தட்டிவிடப் பார்த்தாள். பயிற்சி நிலையத்துக்குக் கட்டடம் கொடுத்த டாக்டரின் மகளைப் படு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒல்லியோ எலும்பும் தோலும். ப்ரோபை எங்கே வைத்தாலும் படம் பளிச்சென்று விழும்.

நிலையத்தின் முதல்வர் வெள்ளைக் கோட்டைக் கழற்றவே மாட்டார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கும். அதை அவர் காதில் மாட்டி யாரும் பார்த்ததில்லை.

"சார், நானும் கொஞ்சம் ப்ரோப் புடிச்சுப் பாக்கட்டுமா?" என்று ஒல்லி கேட்டாள்.

"புடிக்கலாம், புடிக்கலாம். என்ன அவசரம்? படுத்துக்கிட்டே கத்துக்கறவதாம்மா கெட்டிக்காரி."

மாணவிகள் சிரித்தார்கள். தன் நகைச்சுவையில் தானே மயங்கி அவர் அதை இன்னொரு முறை சொன்னார்.

ஒல்லியின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவை அறையில் வேலை. ஈரப் போர்வைகளை இழுத்து இழுத்துத் தோள்பட்டை போய்விட்டது. "நீ வேலைக்குப் போனதும் நான் நின்னுடுவேன்டி. அதுவரைக்கும் எப்படியாவது ஓட்டிடறேன்" என்பாள். ப்ரோபைத் தொட்டதே இல்லை என்று ஒல்லி அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

செய்முறைத் தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாள் போனிலிருந்து தலை தூக்காமல், "பேஷண்ட் யாரு?" என்று கேட்டார். முதல்வர் ஒல்லியைக் கைகாட்டினார். ஒவ்வொருத்தியாக வந்து அவள் நெஞ்சில் மார்க் வாங்கிப் போனார்கள். டாக்டர் மகளின் முறையில் தேர்வாளர் போனைக் கீழே வைத்தார். "நாலு அறையும் கண்ணாடி மாதிரி இருக்கே!" என்று மெச்சினார். அந்த இதயத்தைத் தானே செய்து வைத்தது போல டாக்டர் மகள் அடக்கமாகச் சிரித்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

கடைசியில் தன் முறை வந்ததும் ஒல்லி ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கட்டில் காலியாக இருந்தது. கூச்சக்காரி கதவோரம் ஒதுங்கினாள். குண்டுப்பெண் பெருமூச்சு விட்டபடி வந்து படுத்தாள்.

ப்ரோபின் பக்கவாட்டில் ஒரு புள்ளி உண்டு. படுத்திருப்பவரின் வலது தோளை அது பார்க்க வேண்டும். ஆண்டு முழுக்க அது ஒல்லியின் தோளைத்தான் பார்த்திருந்தது. இப்போதும் அவள் கை பழக்கதோஷத்தில் அதைத் தன் தோள் பக்கமே திருப்பியது. திரையில் இதயம் இடம் வலம் மாறி விழுந்தது. பதறிப்போய் இன்னும் அழுத்தினாள்.

"மெதுவாடி, வலிக்குது" என்றாள் குண்டுப்பெண்.

தேர்வாளர் சிரித்துவிட்டார். "புள்ளி எந்தப் பக்கம்னு கூடத் தெரியாதா? ஒரு வருஷமா என்னம்மா பண்ணிக்கிட்டிருந்த?"

"படுத்துக்கிட்டிருந்தேன், மேடம்."

முதல்வர் முந்திக்கொண்டார். "கவனம் பத்தாது மேடம். நாங்களும் சொல்லாத நாளில்லை."

பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "ஃபெயில்னு போட்டா உனக்கும் அசிங்கம், நமக்கும் அசிங்கம். பரீட்சைக்கே வரலைன்னு போடச் சொல்லிட்டேன். அடுத்த வருஷம் திரும்ப வா, பாத்துக்கலாம்."

சில நாளில் நிலைய வாசலில் பேனர் கட்டினார்கள். நூற்றுக்கு நூறு தேர்ச்சி. தேறியவர்களின் முகங்கள் வட்டம் வட்டமாக இருந்தன. எல்லோரையும் விடப் பெரிய வட்டத்தில் முதல்வர். நடுவில், டாக்டர் மகள் எடுத்த இதயப் படம், ஆள் உயரத்துக்கு.

ஒல்லி இன்னும் வீட்டில் வாய் திறக்கவில்லை. வேலை முடிந்து அவளோடு அந்த வழியாக நடந்து வந்த அம்மா பேனரைக் கண்டதும் நின்றாள். வலிக்கிற தோளை மறு கையால் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து, ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.

"இதுல நீ எங்கடி?"

ஒல்லி நடுவிலிருந்த கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினாள்.

அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"மூஞ்சியே காணோமே" என்றாள்.