கொம்பெழுத்து

அகரவரிசையிலிருந்து ஓர் எழுத்து நீக்கப்பட்ட அன்று ப்ரிலிப்கா நகரத்தில் எல்லோருடைய பொத்தான்களும் உதிர்ந்து விழுந்தன. தலைநகரிலிருந்து வந்த ஆணையை நகரமன்ற வாசலில் ஒட்டிய எழுத்தரே அதை முதலில் உணர்ந்தார். பசை காய்வதற்குள் அவருடைய கால்சட்டை முழங்காலுக்கு இறங்கிவிட்டது. நண்பகலுக்குள் நீதிபதியும் காவலரும் ரொட்டிக்கடை வரிசையில் நின்ற பெண்களும் இடுப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நடமாடத் தொடங்கினர். அன்று மாலை விளக்குகளில் திரி இல்லை. தானியக் கிடங்காக்கப்பட்ட தேவாலயத்தின் கோபுரத்தில் காகங்கள் இல்லை. நீக்கப்பட்ட எழுத்து வல்லோசை கொண்டது. தோற்றத்தில் மூச்சோடு ஒலிக்கும் இன்னோர் எழுத்தைப் போன்றதே, எனினும் வலத்தோளில் சிறு கொம்பு ஒன்று முளைத்திருக்கும். அக்கொம்பு தொழிலாளர் வர்க்கத்தைக் குத்துகிறது என்று ஆணை விளக்கியது. பொத்தான், திரி, காகம் ஆகிய மூன்றும் அந்நகரத்தார் மொழியில் அந்த எழுத்தைக் கொண்டே தொடங்குகின்றன. ஆதலால் எழுத்தோடு அவையும் போயின. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்றே மக்கள் கருதினர். அந்த ஆண்டில் அதனினும் பெரியவை பல போயிருந்தன.

அந்த எழுத்தைக் குழந்தைகளின் பாடநூலில் ஏற்றியவர் மெலானியா ஒஸ்தாபிவ்னா க்வாஷா. கோயிற்பணியாளர் ஒருவரின் மகளாகப் பிறந்த அவர், தம் மொழியில் நூல் அச்சிடுவது குற்றமாக இருந்த காலத்தில் வைக்கோல் கொட்டகையில் பள்ளி நடத்தினார். ஜாரின் காவலர் பிடித்து வடக்கே அனுப்பினர். அங்கே மீன் உப்பிட்டுக்கொண்டே சிறுவர் கதைகள் எழுதினார். புரட்சியாண்டில் கீவ் நகரில் கூடிய நாட்டு மன்றத்தில் அமர்ந்து பள்ளிகளுக்காகத் தொண்டை கட்டும்வரை வாதிட்டார். அம்மன்றம் வீழ்ந்தபின் ப்ரிலிப்காவுக்குத் திரும்பி, கணவரை அடக்கம் செய்து, அரிச்சுவடி ஒன்றை இயற்றினார். அவர் கையெழுத்துக்கு ஓர் இயல்பு உண்டு. கரும்பலகையில் அவர் பனி என்று எழுதினால் முன்வரிசைக் குழந்தைகளின் விரல் விறைக்கும்; தேன் என்று எழுதினால் ஈ மொய்க்கும். பள்ளி ஆய்வாளர்கள் இதைக் குறைபாடு எனக் குறித்துச் சென்றார்களேயன்றி மறுக்கவில்லை.

அந்த அரிச்சுவடியின் அச்சுப்பிழைகளைத் திருத்தியவள் அவருடைய ஒரே மகள் யாரினா. நூல் தேசியவாத நஞ்சு என அறிவிக்கப்பட்ட குளிர்காலத்தில் தாயை விட்டுவிட்டு மகளைப் பிடித்துச் சென்றனர். தாய் பேசாமலிருப்பதற்கு அதுவே போதும் என எண்ணினர் போலும். நகரச் சிறையின் மேல்மாடியில் யாரினா நச்சுக்காய்ச்சலில் கிடந்தாள். எழுத்து நீங்கிய அன்று சிறையின் சன்னற்கம்பிகளும் நீங்கின. கம்பி என்னும் சொல்லுக்கும் முதலெழுத்து அதுவேயாகும். நடக்கக்கூடியவர்கள் கீழ்த்தளத்துச் சன்னல் வழியே நடந்து போயினர். மாடியிலிருந்தோர் விரிப்புகளை முடிந்து இறங்கினர். எழுந்து நிற்க இயலாத யாரினா மட்டும் திறந்த சன்னலின் கீழே படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறை அதிகாரி ப்ரொகிப் நெஸ்தெரோவிச் கடமை தவறாதவர். புதிய கம்பிகள் வேண்டுமெனத் தலைநகருக்கு உடனே எழுதினார். சட்டத்துக்கு அஞ்சிக் கொம்பின்றி எழுதினார். கொம்பு நீங்கினால் அச்சொல்லுக்கு இசைத்தல் என்று பொருள். இரும்பினாலானதாகவும் தடித்ததாகவும் வேண்டும் என்று அவர் வற்புறுத்தியிருந்தமையால் தலைநகரம் மூன்று பெரிய ஊதுகுழல்களை அனுப்பிவைத்தது. மீண்டும் எழுதினார், மத்தளம் வந்தது. கைதிகளின் பண்பாட்டு வளர்ச்சியில் அவர் காட்டும் ஆர்வத்தைப் பாராட்டும் சான்றிதழும் உடன் வந்தது. அதை அவர் சன்னலில் ஆணியடித்து மாட்டினார், காற்று கொண்டுபோயிற்று.

பக்கத்துத் தோட்டத்துக்காரி மொக்ரினாவிடம் ஆப்பிள் பறிக்கும் நெடிய ஏணி ஒன்று இருந்தது. காய்ச்சல் தணிந்ததும் காவலர் உணவுக்குச் செல்லும் வேளையில் அதைச் சிறைச்சுவரில் சாய்த்து மகளை இறக்குவது என்று மெலானியா ஒஸ்தாபிவ்னா முடிவு செய்தார், மொக்ரினாவும் இசைந்தாள். ஆனால் உதிர்ந்தவற்றுள் மிகப் பெரியதை ஊரார் உழும்போதுதான் அறிந்தனர். மண் என்னும் சொல்லுக்கும் கொம்பெழுத்தே முதல். ப்ரிலிப்காவைச் சுற்றி நிலம் இருந்தது, மண் இல்லை. கரிய வயல்கள் தம் இடத்திலேயே கிடந்தன. எனினும் இட்ட விதை எதிலும் படியாமல் இறங்கிக்கொண்டே சென்றது. சென்ற இலையுதிர்காலத்தில் வீடுவீடாகத் துழாவித் தானியத்தை எடுத்துச் சென்றிருந்தனர். மொக்ரினா அடுப்புக்குள் செங்கல்லுக்குப் பின் மறைத்த தினை ஒரு சிறு பைதான். அதில் பாதியைத் தோட்டம் விழுங்கிய மறுநாள் அவள் பள்ளிக்கு வந்தாள்.

"மெலானியா ஒஸ்தாபிவ்னா, கிணத்துல போட்ட மாதிரி போவுது. காத வெச்சுக் கேட்டேன், அடியில விழுந்த சத்தமே கேக்கல. மிச்சம் இருக்கறதயும் போட்டுட்டு என் ரெட்டைப் பிள்ளைங்களுக்கு எதக் கஞ்சி காச்சுறது, அந்த ஆணையவா?"

"ஒரு வாரம் பொறு மொக்ரினா. அவளுக்குக் காய்ச்சல் இறங்கட்டும்."

"பசி உங்க மகளக் கேட்டுக்கிட்டா வருது? நானும் சுவத்துல எழுதிப் பாத்துட்டேன். கொம்பு நிக்கவே மாட்டேங்குது, மெழுகாட்டம் வழியுது. உங்க கை எழுதினாத்தான் நிக்கும்னு ஊரே சொல்லுது."

"நான் எழுதினா மண்ணு மட்டுமா வரும்? அந்த சன்னலும் அடைச்சுக்கும்டி."

"தெரியும். தெரிஞ்சுதான் வந்து நிக்கிறேன். வாய்க்கு வந்தபடி திட்டிக்குங்க, வாங்கிக்கறேன். ஏணிய மட்டும் என்னைக்கும் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

அவர் திட்டவில்லை. அவள் சென்றபின் மன்றத்து நாள்களில் கற்ற சமரசத்தை முயன்றார்: பலகையின் மூலையில் அவ்வெழுத்தை மிகச் சிறிய கொம்போடு, அரிசிமுனை அளவினதாக எழுதினார். வயல்களில் விரற்கடை ஆழத்துக்கு மண் வந்தது. சிறைச்சன்னலின் அடிச்சட்டத்தில் விரற்கடை உயரத்துக்குக் கம்பிகள் முளைத்தன. கொம்பைச் சற்றே நீட்டினார். மண்ணும் கம்பியும் ஒரே அளவில் வளர்ந்தன. துணியை நனைத்து விரைந்து துடைத்தார். எழுத்து ஒன்றே, அதில் வேண்டிய பாதியைப் பிரித்தெடுக்கும் இலக்கணம் எந்த நூலிலும் இல்லை.

நண்பகலில் சிறைமுற்றத்துக்குச் சென்றார். கயிற்றால் இடுப்பைக் கட்டியிருந்த ப்ரொகிப் நெஸ்தெரோவிச் ஊதுகுழலின் மேல் உட்கார்ந்து வெங்காயம் தின்றுகொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க! நீங்களே சொல்லுங்க மெலானியா ஒஸ்தாபிவ்னா, கைதிய ஊதி ஊதியா உள்ள நிறுத்துறது? ஒரே ஒரு தடவ எழுதிக் குடுங்க. யாருக்கும் தெரியாது. உங்க பொண்ணுக்கு வெள்ளை ரொட்டி தரச் சொல்றேன்."

"எழுதினா உங்களுக்காக எழுத மாட்டேன். போய் அந்தக் குழலக் கத்துக்குங்க."

அவர் முனகிக்கொண்டே உள்ளே போனதும், யாரினாவின் மழித்த தலை சன்னலில் தெரிந்தது. முழங்கையை ஊன்றி எழுந்திருந்தாள், அன்றுதான் முதன்முறை.

"அம்மா, மொக்ரினா வந்தாங்களா?"

"வந்தா."

"ஏணியப் பத்தியா?"

தாய் பொய் சொல்ல முயன்றார். வாழ்நாளில் பழகாத கலையாதலால் வரவில்லை.

"இங்கேர்ந்து வயலு தெரியுதும்மா. எல்லாரும் வெறும் கையோட நிக்கிறாங்க. விதைப்பு போயிடுமே?"

"உனக்கு இன்னும் ரெண்டு மூணு நாள்தான். கால் ஊனிட்டா போதும், நான் இறக்கிடுவேன்."

"மழை முடிஞ்சு எத்தன நாளாச்சு? அதுக்குள்ள காஞ்சிடும். எழுதிடுங்க." பிறகு அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று. "கொம்ப நேரா வையிங்க. எப்பப் பாத்தாலும் இடப்பக்கம் சாச்சிடுவீங்க. அச்சுக்கோக்கறவர் உங்களால எவ்வளவு திட்டு வாங்கினாரு!"

மெலானியா ஒஸ்தாபிவ்னா மொக்ரினாவின் தோட்டத்துக்கு நடந்தார். மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பின் முனையால், குழந்தைகளுக்கு எழுதும் பெரிய வடிவத்தில், மண் என்னும் சொல்லை நிலத்தின்மேல் எழுதினார். கொம்பை நேராக வைத்தார். எழுதிய இடத்திலிருந்து கறுப்பு கெட்டியாகிப் பரவிற்று. வேலியைக் கடந்து, ஆற்றங்கரையைத் தொட்டு, நகரமெங்கும் நின்றது. மொக்ரினா குதிகாலால் மிதித்துப் பார்த்தாள். மிதிபட்டது. காகங்கள் ஒன்றாகத் திரும்பி வந்து விதைக்காகச் சண்டையிட்டன. தெருவில் மக்கள் குனிந்து தத்தம் பொத்தான்களைத் தேடினர். மெலானியா ஒஸ்தாபிவ்னா சிறை இருந்த திசையைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள், மாடிச் சன்னலில் கம்பிகள் கீழிருந்து மேலாக வளர்ந்ததாகவும், அவை மூடும்வரை ஒரு கை வெளியே அசைந்ததாகவும் பிற்பாடு கூறினர்.

யாரினாவைக் காய்ச்சல் தெளிந்தபின் வடக்கே செல்லும் இரயிலில் ஏற்றினர். அதன் சன்னலிலும் கம்பிகள் இருந்தன. கோடையில் தினை விளைந்தது. மொக்ரினா முதற்கஞ்சியில் ஒரு கிண்ணம் எடுத்துவந்தாள். இருவரும் எதிரெதிரே அமர்ந்து உண்டனர். இரட்டையர் பிழைத்தனர். தெருக்கோடி வீடுகள் பலவற்றில் எவரும் பிழைக்கவில்லை. விளைச்சல் அவர்களுக்குக் காலங்கடந்து வந்தது.

ஆணை மாறவில்லையாதலால் பள்ளியில் கொம்பில்லாமலே எழுத வேண்டியிருந்தது. மெலானியா ஒஸ்தாபிவ்னா அவ்வாறே எழுதினார். ஆயினும் அவர் எழுதி முடித்ததும், எழுத்தின் தோளிலிருந்து கொம்பு தானாகவே எழுந்தது. பலகையில் நில்லாமல் வகுப்பறைக்குள் ஒரு விரல் நீளத்துக்குத் துருத்திக்கொண்டது. துடைத்தனர், உடைந்தது துடைப்பான். இலையுதிர்காலத்தில் அவரையும் பிடித்துச் சென்றனர். அவர் திரும்பவில்லை, அவரைப் புதைத்த இடத்தை எவரும் அறிவிக்கவில்லை. பலகைக்கு இருமுறை வண்ணம் பூசினர். கொம்பு வண்ணத்தையும் ஏற்றுக்கொண்டு அங்கேயே இருந்தது. குளிர் தொடங்கியதும் மாணவர்கள் அதில் தொப்பிகளை மாட்டினர். புத்தாண்டுக்குப்பின் தலைநகரிலிருந்து வந்த ஆய்வாளர், அரசுக்கு ஒவ்வாத எழுத்து இப்பள்ளியில் எங்கேனும் எஞ்சியுள்ளதா என உரத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே உரோமத் தொப்பியைக் கழற்றி, திரும்பிப் பாராமல், அதில் மாட்டினார்.