கேள்வி கேட்டபின் பத்து விநாடி

மனித குலத்தின் பெருந்துயரங்கள் அனைத்துக்கும் காரணம் மௌனம்தான். இதை நான் கல்லூரி முதலாண்டிலேயே கண்டறிந்தேன். அன்று முதல் ஒரு மௌனத்தையும் என் கண்முன்னே உயிரோடு விட்டதில்லை. பேராசிரியர் கேள்வி கேட்டுவிட்டு மூச்சு வாங்குவதற்குள் பதில் சொல்லிவிடுவேன். பதில் தவறாக இருப்பது வேறு விஷயம். நண்பர்கள் எனக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தார்கள். பொறாமை.

இப்படிப்பட்டவனுக்கு ஆங்கில ஆசிரியர் வேலையை விட்டால் வேறென்ன பொருந்தும்? ஜப்பானில் ஒரு சிற்றூரில் மாலைநேர ஆங்கிலப் பள்ளி. ஊர்க்காரர்கள் வேலை முடிந்து வந்து படிப்பார்களாம். விண்ணப்பித்தேன். நேர்காணல் முடிந்த கையோடு வேலை கிடைத்துவிட்டதாக நானே முடிவுகட்டி, பார்த்துக்கொண்டிருந்த பயிற்சி மைய வேலையை விட்டேன். பெரிய பெட்டி ஒன்று வாங்கினேன். நண்பர்கள் வழியனுப்பு விழாவே நடத்திவிட்டார்கள். இரண்டு பேர் அழுதார்கள். அதில் ஒருவனுடையது ஆனந்தக் கண்ணீர் என்று பிறகு தெரியவந்தது.

அதன் பிறகுதான் திரை வழியாக மாதிரி வகுப்பு வைத்தார்கள். இருபது நிமிடம் வெளுத்து வாங்கினேன். மறுநாள் தலைமை ஆசிரியையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

"முப்பத்தொரு கேள்வி கேட்டீர்கள். இருபத்தொன்பதுக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். எங்கள் மாணவர்கள் வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடித்த பிறகே வாய் திறப்பார்கள். கேள்வி கேட்டபின் பத்து விநாடியாவது காத்திருங்கள். வியாழக்கிழமை கடைசி வாய்ப்பு. மாணவர் தானாக ஒரு வாக்கியம் சொன்னால் போதும், விசா வேலையைத் தொடங்கிவிடுவோம்."

அக்கா அதைப் படித்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பத்து விநாடியா? நீயா? அந்தம்மாவுக்கு உன் மேல அப்படி என்னடா கோபம்?"

"நக்கல் போதும்க்கா. பெட்டி வாங்கியாச்சு, வேலையையும் விட்டாச்சு. இது போச்சுன்னா வெளிய தலைகாட்ட முடியாது. மாணவரா நடிக்க ஒரு ஆள் வேணும்."

"வீட்டுலயே ஒருத்தர் இருக்காரே."

அத்தானைச் சொன்னாள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். சாப்பிட்டீர்களா என்று அவரிடம் கேட்டால், பதில் வருவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். கல்லூரிச் சுவரிதழில் அவரை வைத்து 'சிலைகளின் இல்லற வாழ்வு' என்றொரு கட்டுரை எழுதினேன். படித்துப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது; கருத்துச் சொல்ல இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

சாப்பாட்டு மேசையில் அவரை உட்கார வைத்தோம். அக்கா கைப்பேசியில் விநாடி எண்ணினாள். நேற்று என்ன செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அத்தான் மின்விசிறியைப் பார்த்தார்.

"வேலைக்குப் போனீங்களா? லிஃப்ட் ரிப்பேர் பண்ணீங்களா? நல்லபடியா முடிஞ்சுதா? சூப்பர்!" என்றேன்.

"ரெண்டு விநாடி," என்றாள் அக்கா. "மூணு கேள்வி, ஒரு பாராட்டு."

"அவர் வாயே திறக்கலையே!"

"நீ எங்கடா விட்ட?"

அடுத்த முறை உதட்டைக் கடித்துக்கொண்டேன், நான்கு விநாடி. அதற்கடுத்த முறை வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஆறாவது விநாடியில் அத்தானின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்து, தண்ணீர் மொத்தமும் அவர் சட்டையில்.

"சிலையா உக்கார்றதுக்கு எதுக்குக்கா எம்.ஏ. படிக்கணும்? அதுக்கு அத்தானையே அனுப்பிடலாம்!"

அத்தான் நிதானமாகச் சட்டையைத் துடைத்தார். பிறகு, "நேற்று எனக்கு விடுமுறை," என்றார். சுத்தமான ஆங்கிலத்தில்.

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

"முதல் கேள்விக்குப் பதில், மச்சான். நடுவுல சொல்ல எடம் கிடைக்கல."

வியாழக்கிழமை வந்தது. திரையில் ஒரு கட்டத்தில் தலைமை ஆசிரியை, இன்னொன்றில் மாணவர்: சீருடையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்த பஸ் ஓட்டுநர். என் அறை வாசலில் அக்காவும் அத்தானும்.

நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஓட்டுநர் தலை குனிந்தார்.

மூன்றாவது விநாடியில் 'பஸ் ஓட்டினீர்களா?' என் தொண்டை வரை வந்து நின்றது. ஐந்தாவது விநாடியில் தலைமை ஆசிரியை பேனாவைக் கையில் எடுத்தார். ஏழில் ஓட்டுநர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நான் என் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்துகொண்டேன். பேசுவதற்குக் கை எதற்கு என்று கேட்காதீர்கள். என்னைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பத்து முடிந்தது. விதிப்படி இனி நான் பேசலாம். அவர் நெற்றி இன்னும் சுருங்கியே இருந்தது. அவர் உள்ளே எதையோ தூக்கிக்கொண்டு படியேறுவது போலிருந்தது. அந்த நேரத்தில் குறுக்கே போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

பதினேழாவது விநாடியில், "நேற்று என் மகள்... சைக்கிள்... ஓட்டினாள்," என்றார். "நான் பின்னால்... ஓடினேன்."

அவர்கள் ஒரு வாக்கியம் கேட்டிருந்தார்கள். இரண்டு வந்துவிட்டது. தலைமை ஆசிரியை சிரித்தபடி ஏதோ எழுதிக்கொண்டார். வாசலில் அக்கா அத்தானின் கையைப் பிடித்துக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மகளுக்கு என்ன வயது, விழுந்தாளா, அழுதாளா, உங்களுக்கு மூச்சு வாங்கியதா என்று என்னிடம் ஒன்பது கேள்விகள் வரிசையில் நின்றன.

ஆனால் ஓட்டுநரின் உதடுகள் சத்தமில்லாமல் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. அடுத்த வாக்கியத்தைக் கட்டுகிறார் போல.

வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.