கேட்டுக்கு இந்தப் பக்கம்

கேட் மூடியிருந்தது.

எட்டு நாளாக ஒற்றை ஆளாய் நடந்து வந்த கேட்டம்மா சட்டென்று நின்றாள். பாதையின் குறுக்கே சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் பூசிய பழைய மரக் கேட். அதற்கு அப்பால் இடுப்பளவு புல். புல்லுக்குள் தண்டவாளம் ஒரு கீற்றாகத் தெரிந்தது. வேறு யாராவது என்றால் தள்ளிப் பார்த்திருப்பார்கள், குறைந்தபட்சம் எட்டியாவது பார்த்திருப்பார்கள். இவள் எண்ணிப் பத்தடி பின்னால் போனாள். தோள்பையை இறக்கினாள். ஒரு கல்லைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். ரயில் வருகிறது போலிருக்கிறது. வரட்டும்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இருபத்தாறு வருஷம் ரயில்வே கேட்டில் நின்ற உடம்பு அது. அறைக்குள் மணி அடித்தால் ஓட வேண்டும். தட்டில் பிசைந்த சோறு அப்படியே கிடக்கும், தலையில் தேய்த்த சீயக்காய் அப்படியே காயும். கேட்டைச் சாத்திவிட்டாள் என்றால் சாத்தியதுதான். கீழே குனிந்து நுழையப் பார்க்கிற ஆளைக் கண்டு அவள் போடுகிற சத்தத்தில் வரிசையில் நிற்கும் லாரி இரண்டடி பின்னால் போகும் என்பார்கள். அந்தத் தொண்டைக்கு ஊர் வைத்த பெயர்தான் கேட்டம்மா.

ஓய்வு பெற்ற மறுவாரமே அவள் பேச்சை எடுத்தாள். "மணி என்னை இருபத்தாறு வருஷம் விரட்டிடுச்சுங்க. ஒரே ஒரு மணியையாவது நான் அடிச்சுப் பாக்கணும்."

அவள் சொன்னது இந்தப் பாதையின் முடிவில், மலை உச்சிச் சந்நிதியில் தொங்குகிற வெண்கல மணியை. முழுப் பாதையையும் நடந்தே வந்தவர்கள் தங்கள் கையால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அடிக்கலாம். பொழுது சாய்ந்தால் கயிற்றைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

அவள் புருஷன் தையற்காரர். ஊசிக்கு நூல் கோத்தபடியே சிரித்தார். "நீயா? தனியாவா? மூணாம் நாளே வாசல்ல வந்து நிப்ப பாரு. தோத்தா ஒரு வருஷத்துக்குக் காலையில டீ நீதான் போடணும்."

"இப்ப மட்டும் யாரு போடுறாங்களாம்?"

"சரி தாயே, நான் தோத்தா நான் போடுறேன். ஆனா மணிச் சத்தம் போன்ல என் காதுல விழணும். சும்மா வந்து கதை அளக்கக் கூடாது. அளக்குறது என் தொழில்."

மூன்றாம் நாள் போய், எட்டாம் நாளும் வந்துவிட்டது. குதிகாலில் இரண்டு கொப்புளம். ஆனால் என்ன சுகம்! கேட்க ஆளில்லாத பாதையில் தொண்டை கிழியப் பாடினாள். தூக்கம் வந்த இடத்தில் தூங்கினாள். இன்றோடு பருவம் முடிகிறது. நாளைக்கு மழைக்காலம் என்று கயிற்றையே கழற்றிவிடுவார்கள். ஐந்து மாதம் மணி ஊமை. அதனால் என்ன, நிறைய நேரம் இருக்கிறது என்றுதான் அவள் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

கேட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்வது அவளுக்கு இதுதான் முதல் தடவை. காத்திருக்கிறவர்கள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களா? ஒரு ஓணான் தலையாட்டியது. காற்றில் புல் சாய்ந்து எழுந்தது. அந்த நாளில் ஸ்கூட்டரில் வருகிற ஒரு அம்மா, கேட் விழுந்தால் போதும், சீப்பை எடுத்து மகளுக்குப் பின்னல் போட ஆரம்பித்துவிடுவாள். ரயில் சீக்கிரம் போய்விட்டால் கேட்டம்மாவை முறைப்பாள். அந்த முறைப்பின் அர்த்தம் இப்போதுதான் பிடிபட்டது. கேட்டம்மா கொண்டுவந்த ரொட்டியைத் தின்றாள். சாய்ந்தாள். கண்ணும் அசந்துவிட்டது.

விழித்தபோது நிழல் நீண்டிருந்தது. கேட் மூடியே இருந்தது.

அப்போது ஒரு வெள்ளாடு வந்தது. அவளைப் பார்த்தது. கேட்டைப் பார்த்தது. நெற்றியால் ஒரு முட்டு. கேட் 'கிரீச்' என்று திறந்து, ஆட்டை உள்ளே விட்டுவிட்டுத் தானே சாத்திக்கொண்டது.

"ஏய்! ரயில் வருது!" என்று கேட்டம்மா போட்ட சத்தத்தில் ஓணான் காணாமல் போனது.

பின்னாலேயே தோளில் கம்போடு ஒரு ஆட்டுக்காரி ஓடிவந்தாள். முப்பது வயதிருக்கும். "எங்கக்கா ரயிலு? நான் பொறக்குறதுக்கு முன்னாடியே நின்னு போச்சே! இந்தக் கழுதைங்க என் அவரைத் தோட்டத்துல மேயாம இருக்கத்தான் சாத்தி வைக்கிறேன். நீங்க எவ்வளவு நேரமா இங்க?"

"உச்சி வெயில்லேர்ந்து."

"தள்ளிப் பாக்கலியா?"

"மூடுன கேட்டை எப்படிம்மா தள்ளுறது?"

ஆட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். முடியவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கேட்டம்மாவுக்கு ரோஷம் வந்தது. வந்த வேகத்திலேயே அதுவும் சிரிப்பாக மாறியது. "ஆட்டுக்கு இருக்கிற மூளை எனக்கு இல்லாமப் போச்சேடி!"

சிரித்து முடித்தபோது சூரியன் மலைத் தோளுக்கு இறங்கியிருந்தது. கேட்டம்மா துள்ளி எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். "மணி போச்சா?"

"பாதையோட போனா ஆறு கிலோமீட்டர், போச்சு. தண்டவாளத்து மேலயே போங்க, ரெண்டுதான். நேரா மலையடி."

"தண்டவாளத்து மேலயா?" அந்தக் குற்றத்துக்கு அவள் எத்தனை பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள்!

"ஓடுங்கக்கா! மணி கேட்டா இந்தக் கேட்டை உங்களுக்காகத் திறந்து விடுறேன். அவரைச் செடி போனாப் போகுது."

கேட்டம்மா ஒரு விரலால் கேட்டைத் தள்ளினாள். திறந்தது. துருப்பிடித்த தண்டவாளத்தில் ஏறினாள். முதலில் குறுக்குக் கட்டைக்குக் கட்டை தாவினாள். பிறகு, யார் பார்க்கப் போகிறார்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒற்றைக் கம்பி மேலேயே இரண்டு கையையும் விரித்து நடந்தாள். விழுந்தாள். எழுந்தாள். அறுபது வயதில் தன்னைத் தானே திட்டினாள்: "யாரும்மா அது, உசுரு மேல ஆசை இல்லியா?" திட்டிவிட்டு மறுபடி கம்பியில் ஏறினாள்.

மலைப் படியில் பாதி ஏறும்போது மேலே தெரிந்தது. காவலாள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பெட்டி வாயைத் திறந்தபடி பக்கத்தில்.

இனி கால் பிரயோஜனமில்லை. தொண்டைதான்.

"நில்லுங்க!"

லாரியைப் பின்னால் தள்ளிய அதே குரல். காவலாளின் கை அந்தரத்தில் நின்றது. அவள் மூச்சிரைக்க ஏறி வந்து, புல் ஒட்டிய சேலையோடு முன்னால் நிற்கும் வரை அது கீழே இறங்கவில்லை.

"இப்படி ஒரு சத்தத்தை வச்சுக்கிட்டு உங்களுக்கு மணி வேறயாம்மா?" என்றபடி கயிற்றை நீட்டினார்.

அதை வாங்கும் முன் புருஷனுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் தையல் மிஷின் ஓடுகிற சத்தம். "என்னங்க, காலை மிதியில இருந்து எடுங்க" என்றாள். மிஷின் நின்றது.

கயிறு முரடாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

ஒரே அடி. உள்ளங்காலில் ஏறி, பல்வரிசை வரை அதிர்ந்து, பள்ளத்தாக்கெங்கும் உருண்டு போனது ஓசை. அவள் பழக்கதோஷத்தில் கீழே பார்த்தாள். மணி அடித்தால் கேட்டைப் பார்க்கிற கண்.

வெகு தூரத்தில், புல்லின் நடுவே, தீக்குச்சி அளவுக்குச் சிவப்பும் வெள்ளையும். மெல்ல அசைந்தது. திறந்துகொண்டே போனது. அதன் வழியாக வெள்ளைப் புள்ளிகள், ஒன்று, இரண்டு, ஏழு, துள்ளித் துள்ளி உள்ளே ஓடின.