பட்டாணிக்கு ஒரு பாஸ்போர்ட்

கொஞ்ச நாளாகவே அவன் நல்லவனாகிவிட்டான். அவளுக்குப் பயம் அங்கேதான் தொடங்கியது.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் அவன். வேலை முடிந்து வந்தால் செருப்பை மூலைக்கு ஒன்றாக உதறிவிட்டு, "சோறு" என்ற ஒரே சொல்லோடு உட்காருகிறவன். அப்படிப்பட்டவன் தன் தட்டைத் தானே கழுவி வைத்தான். ரொட்டி ஃபேக்டரியில் நின்று நின்று வீங்கிப்போன அவள் காலுக்குத் தலையணை எடுத்துப் போட்டான். வயிற்றில் இரண்டாவது பிள்ளை வளர்கிறதல்லவா, மனுஷன் இளகிவிட்டான் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவளும் அப்படியே நம்பப் பார்த்தாள். நம்புவது சுகமாகத்தானே இருக்கும், கண்ணுகளா.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் யாருக்கும் அடி படாது. யாரும் சத்தம்கூடப் போட மாட்டார்கள்.

"அக்கா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க," என்றான் ஒரு நாள். அவனுடைய அக்கா கடல் தாண்டி, பெரிய வீட்டில், பிள்ளையில்லாமல் இருப்பவள். "லீவுக்கு ஒரு நடை போயிட்டு வரலாம். பட்டாணியோட பாஸ்போர்ட் முடிஞ்சுபோச்சு. கைக்குழந்தையா இருந்தப்ப எடுத்தது. ரெனியூ பண்ணணும்."

பட்டாணி அவர்கள் மகள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். நடக்கப் பழகிய நாளிலிருந்து உருண்டு உருண்டு ஓடியதால் வந்த பெயர்.

"என்னோடதும்தானே முடிஞ்சிருக்கு? சேர்த்தே போட்டுடலாமே."

"உன்னோடத அப்புறம் பாத்துக்கலாம். குழந்தையோடதுக்குத்தான் அப்பா அம்மா ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடணும். அதுதான் பெரிய ரோதனை."

போட்டோக் கடையில் பட்டாணி பல்லைக் காட்டிச் சிரித்தாள். ஆடிக்கொண்டிருந்த முன்பல்லை நாக்கால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். "வாயை மூடு பாப்பா," என்றான் போட்டோக்காரன். "பாஸ்போர்ட்ல யாரும் சந்தோஷமா இருக்கக் கூடாது." எல்லோரும் சிரித்தார்கள். பட்டாணியின் அப்பாதான் அதிகமாகச் சிரித்தான்.

பாஸ்போர்ட் அலுவலகத்துக்குள் குளிர் எலும்பைத் தொட்டது. தரையோடு சேர்த்து முடுக்கிய நாற்காலிகள். எதிரே திரையில் சிவப்பு எண்கள் மாறிக்கொண்டிருந்தன. கல்யாணச் சான்றிதழின் நகலை வீட்டிலேயே விட்டுவிட்டதாகச் சொல்லி, அசலை எடுத்துக்கொண்டு அவன் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினான். தாயும் மகளும் தனியாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, ஒரு ரகசியம் சொல்லட்டா? அப்பாகிட்ட சொல்லிடாத."

"சொல்லு."

"அத்தைய இனிமே அத்தைன்னு கூப்பிடக் கூடாதாம். அம்மான்னு கூப்பிடணுமாம். அப்பா போன்ல தினமும் கூப்பிட வைக்கிறாரு. நீ வேலைக்குப் போனப்புறம்."

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "அப்போ என்னை என்னன்னு கூப்பிடுவியாம்?"

பட்டாணி கொஞ்சம் யோசித்தாள். "நீதான் அங்க இருக்க மாட்டியே. உன்னைக் கூப்பிடத்தான் பாப்பா வருதே."

"லீவு முடிஞ்சா நீ இங்க வந்துடுவல்ல?"

"இல்லம்மா. அங்கேயே ஸ்கூல்ல சேத்தாச்சு. நீலக் கலர் யூனிஃபார்ம். அத்தை காட்டினாங்க..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல, அம்மா காட்டினாங்க."

பிள்ளை தப்பைத் திருத்திக்கொண்டு, சரியாகச் சொன்னோமா என்று தாயின் முகத்தையே பார்த்தது. என்ன சொல்ல, என் செல்லங்களே. அவள் அந்தத் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அவன் நகலோடும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடும் வந்தான். "ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு?"

"ஒண்ணுமில்லையே," என்றாள் பட்டாணி.

அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அழகாக ஒரு பதில் சொல்வான். அந்தப் பதிலை நம்பிவிடுவோமோ என்று பயந்தாள். அதற்குள் அவர்கள் எண் வந்துவிட்டது.

கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் அதிகாரி, ஜலதோஷ மூக்கை உறிஞ்சியபடி நிமிராமலே கேட்டார். "குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுக்க அப்பாவுக்குச் சம்மதம்தானே?"

"சம்மதம் மேடம்."

"அம்மாவுக்கு?"

"இல்லை."

கீபோர்டைத் தட்டப் போன அதிகாரியின் விரல் அப்படியே நின்றது. "என்னம்மா சொன்னீங்க?"

"எனக்குச் சம்மதம் இல்லைங்க."

அவன் சிரித்தான். "மாசமா இருக்கா மேடம். சரியாத் தூக்கமில்ல, என்ன பேசறோம்னே தெரியல." கைக்குழந்தையைத் தட்டுவதுபோல அவள் தோளைத் தட்டினான். "கையெழுத்துப் போடும்மா. பின்னாடி எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க பாரு."

"சார், நான் அவங்களத்தான் கேட்டேன். அவங்க வாயை உங்களுக்கு வாடகைக்கா விட்டிருக்காங்க?" அதிகாரி இப்போது அவளை நன்றாகப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா சம்மதிக்காம இது நகராது. சம்மதமில்லைன்னு எழுதிக் கொடுங்க. உங்களைக் கேக்காம இந்தக் குழந்தைக்கு யாரும் பாஸ்போர்ட் எடுக்க முடியாதபடி குறிச்சு வெச்சுடறேன்."

அவள் எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு ஓடியது. ஆனாலும் எழுதி முடித்தாள்.

வெளியே படியிறங்கும்போது அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவன் நிதானமாக அக்காவுக்குப் போன் போட்டான்.

"இல்லக்கா, நடக்கல. ஆமா, மாட்டேன்னுட்டா. சேச்சே, கோபமெல்லாம் இல்லக்கா." பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க அவன் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி, வயிற்றில் வந்து நின்றது. "அதுவும் சரிதான்கா. சின்னதுன்னா பழக்கிவிடற வேலையே இல்ல. நமக்கென்ன அவசரம்?"

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "வெயில்ல நிக்காதம்மா, உடம்புக்கு ஆகாது. வண்டியை எடுத்துட்டு வரேன்," என்றான். அத்தனை அன்பாக.

அவள் பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் படியேறினாள். வாசல் காவலாளி குறுக்கே வந்தார்.

"வேலை முடிஞ்சவங்க மறுபடி உள்ள போக முடியாதும்மா."

"அந்த மேடத்தைப் பாக்கணும். இன்னொரு பிள்ளைக்கும் எழுதிக் கொடுக்கணும்."

"பிள்ளை எங்க?"

அவள் வயிற்றில் கை வைத்தாள்.

காவலாளி அந்தக் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "முதல்ல பிறக்கட்டும்மா," என்றார். "பிறக்காத பிள்ளைக்கு இங்க ஒண்ணும் எழுத முடியாது."

அவள் நகரவில்லை. கீழே அவன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். வெயிலில் காய்ந்த சீட்டைத் துணியால் துடைத்துவிட்டு, அவசரமே இல்லாமல் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.