பக்கத்தில் நிற்பவளின் புருவம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வீங்கிய புருவத்தோடு அதுவே என்னிடம் வந்தது. மாவோரிகள் வாழும் எங்கள் கடலோர ஊரின் சின்னக் கிளினிக்கில் நான் நர்ஸ். தலைவலி என்று வருகிறவரிடம்கூட ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்பது எங்கள் விதி: வீட்டில் உங்களை யாராவது அடிக்கிறார்களா? கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி தேய்ந்துபோய், பதிலைக் காதில் வாங்காமலேயே அடுத்ததற்குப் போகும் பழக்கம் எனக்கு வந்திருந்தது.

"ஆமா," என்றாள் அன்று எதிரே உட்கார்ந்திருந்த கராரைனா.

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். "யாரு?"

"எங்க அக்கா."

"எதால அடிச்சாங்க?"

"சக்கரவள்ளிக் கெழங்கால."

சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வந்தால் படும் பாடு நர்ஸுகளுக்குத்தான் தெரியும். ஐஸ் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள். சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். எழுத வேண்டும் என்று தோன்றியதும் அப்போதுதான்.

[இருவரிடமும் அனுமதி வாங்கி, பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அக்கா ஹுஹானா போட்ட ஒரே நிபந்தனை, தன்னைக் கதையில் கொஞ்சம் ஒல்லியாகக் காட்ட வேண்டும் என்பது. காட்டியாயிற்று.]

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று அமைதியாக..." அடித்துவிட்டேன். கடலுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

இரண்டாவது: "போயி என்பது மாவோரிப் பெண்கள் கயிற்றின் நுனியில் கட்டிச் சுழற்றி ஆடும் மென்பந்து. இதன் வரலாறு..." இதுவும் போயிற்று. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருந்தது. [அந்தச் சொல்லை ஒலிக்கிறபடி எழுதினால் தமிழில் 'பொய்' ஆகிவிடும். அதனால் கொஞ்சம் இழுத்து எழுதியிருக்கிறேன். சிலேடைப் பிரியர்கள் மன்னிக்கவும்.]

மூன்றாவது நிற்கும் என்று நம்புகிறேன்.

ஹுஹானா மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவள். எவ்வளவு ஒடுங்கிய சந்தாக இருந்தாலும், முழுப் பாரத்தோடு பின்பக்கமாகவே ஓட்டி வந்து, ஒரே மூச்சில் நிறுத்திவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு பஞ்சுப் பந்திடம் தோற்றாள். ஊர்ப் பொதுமனையான மராயேயில், வெள்ளம் கொண்டுபோன சாப்பாட்டுக் கூடத்தைத் திரும்பக் கட்டியிருந்தார்கள். திறப்பு நாளன்று பெண்கள் நீளக் கயிற்றுப் போயி ஆடுவது என்று முடிவாகி, திங்கள்தோறும் பள்ளிக்கூட ஹாலில் பயிற்சி நடந்தது. சொல்லிக்கொடுத்தவள் அவர்களுடைய அண்ணன் மகள் டியாஹுயா. வரிசையை உயரப்படிதான் நிறுத்துவாள். அதில் அத்தை என்றும் பார்க்க மாட்டாள், ஆயா என்றும் பார்க்க மாட்டாள். அக்காவும் தங்கையும் ஒரே உயரம். ஆகவே ஹுஹானாவின் வலப்புறம் கராரைனா நின்றாள்.

போயியில் முதல் பாடம் தளம். பந்து போடும் வட்டம், நிமிர்த்திப் பிடித்த பச்சை அப்பளம் மாதிரி, உடம்பின் பக்கத்தில் தட்டையாக நிற்க வேண்டும். ஹுஹானாவின் வட்டம் எண்ணெயில் போட்ட அப்பளமாக இருந்தது. நெளிந்து நெளிந்து வலப்பக்கமே சாய்ந்தது.

"கொஞ்சம் கனம் இருந்தா வட்டம் ஆடாது ஆன்ட்டி," என்றாள் டியாஹுயா.

ஹுஹானா வீட்டுக்குப் போனாள். பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு, காலுறைக்குள் தோட்டத்துக் கிழங்கு ஒன்றைப் போட்டு இறுக்கிக் கட்டினாள். அடுத்த திங்கட்கிழமை, பாட்டின் இரண்டாம் அடியில், கிழங்கு தங்கையின் புருவத்தில் இறங்கியது.

3

"ஹுஹானாவின் மனதில் பல வருடங்களாக ஊறிய வன்மம்—"

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. ஆனாலும் அழிக்காமல் விடுகிறேன். ஊர் நினைத்ததையேதான் நானும் நினைத்தேன் என்பது தெரியட்டும்.

நினைக்கக் காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் அவர்களுடைய அம்மா இறந்தபோது, வழக்கப்படி உடலை மூன்று நாள் மராயேயில் வைத்திருந்தார்கள். பெற்ற பெண்கள் உடலை விட்டு நகராமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஹுஹானா தன் அருகே இன்னொரு மெத்தையை விரித்தாள். சித்தி வந்தாலும் பெரியம்மா வந்தாலும் அதில் உட்கார விடவில்லை. மூன்று நாளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருந்த கராரைனா வந்து சேர்ந்தபோது குழியை மூடியாகிவிட்டது. விமானம் தவறியது உண்மைதான். ஆனால் ஹுஹானா எதையும் கேட்கிற நிலையில் இல்லை. அன்றோடு பேச்சு நின்றது.

இந்த வருடம் கராரைனா ஊருக்கு வந்தாள். இங்கேயே இருந்துவிடலாமா என்ற யோசனையும் அவளுக்கு இருந்தது. ஹுஹானா அவளை எப்போதோ மன்னித்துவிட்டாள். சொல்லத்தான் இல்லை. அந்தக் குடும்பத்தில் மன்னிப்பை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. ரொட்டி பொரித்துக் கொடுப்பார்கள். ஹுஹானாவும் தட்டுத் தட்டாகப் பொரித்துக் கொடுத்தாள். தங்கைக்கு அது லேசாகப் புரியத் தொடங்கிய நேரத்தில்தான் கிழங்கு.

4

கிழங்கை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்தாள் ஹுஹானா. வேலை முடிந்து வந்ததும் ஷெட் சுவருக்கும் லாரிக்கும் நடுவே உள்ள இடுக்கில் நின்றுகொள்வாள். வட்டம் வலப்பக்கம் சாய்ந்தால் பந்து லாரியில் இடிக்கும். இடப்பக்கம் சாய்ந்தால் சுவரில் இடிக்கும். முதலில் டப் டப் என்று சத்தம் ஓயவே இல்லை. கை மேலே வரும்போது தளர்வதைக் கண்டுபிடித்தாள். தோளைப் பூட்டி, மணிக்கட்டை மட்டும் விட்டாள். ஒரு மாலை, சத்தமே இல்லை. பந்து இரண்டுக்கும் நடுவே காற்றை மட்டும் வெட்டிக்கொண்டு சுழன்றது. ஹுஹானாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இனி தங்கை பயப்பட வேண்டாம் என்று நினைத்தாள்.

[இங்கேயே முடித்திருந்தால் "விடாமுயற்சி" என்று தலைப்புக் கொடுத்துப் பள்ளி மலருக்கு அனுப்பியிருக்கலாம்.]

திங்கட்கிழமை வரிசையில் நின்றாள். பாட்டு தொடங்கியது. மூன்றாவது அடியில் பந்து தங்கையின் தோளில் அடித்தது. பஞ்சுதான், வலிக்கவில்லை. ஆனால் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"ஹெல்மெட் எடுத்தாங்கடி!" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

கராரைனா சிரிக்கவில்லை. "வேணும்னேதான் அடிக்கிறா. டியா, என் இடத்த மாத்து. இல்லன்னா திறப்புக்கு நான் இல்ல. வெள்ளிக்கிழமையே பெர்த்துக்குக் கெளம்புறேன்."

"ஒங்க உயரம் மாறினா இடமும் மாறும் ஆன்ட்டி. மாறிடுச்சா?"

"வெளயாடாத. நெசமாவே போயிடுவேன்."

ஹுஹானா கையிலிருந்த பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஷெட்டில் நேராக நின்ற வட்டம் இங்கே ஏன் சாய்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. இவள் போனால் இனி வரமாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

5

டியாஹுயா ஒவ்வொரு பயிற்சியையும் பின்னாலிருந்து போனில் படம் பிடித்து வைப்பாள். "போறவங்க இதப் பாத்துட்டுப் போங்க," என்றாள். எல்லோரும் கூடிக் குனிந்தார்கள்.

திரையில் ஹுஹானாவின் முதுகு. வட்டம் கச்சிதமாக நிற்கிறது. பிறகு தலை வலப்பக்கம் திரும்புகிறது. தலையோடு தோள் போகிறது, தோளோடு கை, கையோடு பந்து. அடி. டியாஹுயா கிழங்கு விழுந்த நாளைப் போட்டாள். தலை, தோள், கை, அடி. அதேதான்.

"பந்து மேல தப்பே இல்ல ஆன்ட்டி. நீங்க பாக்குற எடத்துக்குத்தான் அது போவுது. நேராப் பாருங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன். அப்பிடி என்னதான் இருக்கு அங்க?"

ஹுஹானா தரையைப் பார்த்தாள்.

கராரைனா அன்றுதான் முதல்முறையாக அவளிடம் நேராகக் கேட்டாள். "என்ன எதுக்குப் பாத்துட்டே இருக்க?"

"நிக்கிறியான்னு."

"என்னது?"

"பக்கத்துல இருக்கியா, போயிட்டியான்னு பாத்தேன். அவ்ளோதான். வேற ஒண்ணுமில்ல."

கராரைனா அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இருக்கேன்க்கா. எங்கயும் போவல. அறிவு கெட்டவளே, நேராப் பாத்துச் சுத்து."

ஹுஹானாவுக்கு அப்பாடா என்றிருந்தது. முழுப் பாரத்தோடு மலை இறங்கி, பிரேக் சூடேற, கடைசியில் சமதரையைக் கண்டது போல இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. முடிக்காமல் விட்ட அந்த வன்ம வாக்கியத்தை இனி முடிக்க வேண்டியதில்லை.

6

முடிவு ஒன்று: திறப்பு நாள். எல்லா வட்டங்களும் ஒன்றுபோல் நிற்கின்றன. அக்காவும் தங்கையும் அசையாமல் முன்னால் பார்க்கிறார்கள். கரகோஷம்.

ஹுஹானாவிடம் சொல்லிக் காட்டினேன். "யாரு இவ? எனக்குத் தெரிஞ்சவளா?" என்றாள்.

முடிவு இரண்டு: அழுகை வேறு, முடிவு வேறு. கராரைனா வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாள்.

"அத எழுதுனேன்னா ஒன் கிளினிக் வாசல்ல லாரிய நிறுத்திட்டுச் சாவிய கடல்ல வீசிடுவேன்."

ஆகவே கற்பனையை மூட்டை கட்டிவிட்டு, நேற்று வியாழக்கிழமை நடந்த கடைசி ஒத்திகையைச் சொல்கிறேன். ஹுஹானா பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். அவளுடைய வட்டம் நின்றது. மூன்றாவது அடி தாண்டியது, நான்காவதும் தாண்டியது. திடீரென்று வலப்பக்கமிருந்து ஒரு பந்து வந்து அவள் காதில் அறைந்தது.

பாட்டு நின்றது. ஹுஹானா காதைத் தடவினாள். பிறகு குதிக்காத குறையாகக் கத்தினாள்.

"படத்தப் போடு! டியா, படத்தப் போடுடி!"

"வேணாம்!" என்று போனைப் பிடுங்கப் பாய்ந்தாள் கராரைனா. முடியவில்லை. திரையில் கராரைனாவின் முதுகு தெரிந்தது. அவள் தலை இடப்பக்கம், அக்காவை நோக்கித் திரும்பியது.

7

இன்று வெள்ளிக்கிழமை. பெர்த் விமானம் அவள் இல்லாமல் போய்விட்டது. திறப்பு நாளைக்கு. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினால் கதைக்கு உருப்படியான ஒரு முடிவு கிடைக்கும். ஆனால் நான் இன்றே நிறுத்துகிறேன்; முடிவு உங்கள் கையில்.

ஊரே கூடியிருக்கும் இடத்தில் அவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். நேராகப் பார்த்தார்கள் என்று நீங்கள் எழுதினால் ஆட்டம் ஒழுங்காக முடியும். திரும்பிப் பார்த்தார்கள் என்று எழுதினால் யாருக்காவது ஓர் அடி விழும். இரண்டில் எனக்கு எது பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.