பி.முட்லூரில் வெந்த எஞ்சின்

“கடலூர்ல பெட்ரோல் பங்கே இல்லியா சம்பந்தி? எங்க வண்டிக்கு ஊத்தணும்னு பாண்டிச்சேரி எல்லைக்குப் போயி வாங்கியாந்தீங்களே, அது பெட்ரோலா, மண்ணெண்ணெயா?”

“அண்ணி, கொஞ்சம் மெதுவா பேசுங்க. தெருவே கேக்குது.”

“கேக்கட்டும்! பட்டுப் பொடவையக் கட்டிக்கினு, தாம்பூலத் தட்டோட நடுரோட்டுல நின்னவ நானு. அன்னிக்கு ஊரே பாத்துது. இன்னிக்கு உங்க தெரு கேட்டா கெட்டாப் பூடும்?”

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் அந்தச் சந்தின் அகலம் ஓர் ஆட்டோ போகும் அளவுதான். ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். எதிர்வீட்டு சிங்காரம், காலையில் துடைத்த மொபெட்டை மறுபடியும் துடைக்கத் தொடங்கியிருந்தார். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து, கல்லே இல்லாத அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

உள்ளே கத்திக்கொண்டிருந்தவர் சிதம்பரத்து செல்லாயி அம்மாள், மாப்பிள்ளையைப் பெற்றவர். மெதுவாகப் பேசச் சொன்னது பெண்ணின் அம்மா தங்கம்மாள். இரண்டு அப்பாக்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை செந்தமிழ்செல்வன் தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணப் பெண் வினோதினி சமையலறை வாசலில் நின்று அந்த மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். விடை தெரிந்த பையன் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தால் எப்படிப் பார்ப்பாளோ, அப்படித்தான் பார்த்தாள்.

விஷயம் இதுதான். 2008 ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்து, சிதம்பரம் திரும்பும் வழியில், பி.முட்லூர் பக்கத்தில் மாப்பிள்ளையின் கார் புகை கக்கி நின்றுவிட்டது. எஞ்சின் வெந்துபோயிற்று. செல்லாயி அம்மாள் பட்டுப் புடவையும் தாம்பூலத் தட்டுமாக ஷேர் ஆட்டோவில், மீன்கூடைக்கும் ஒரு கைக்குழந்தைக்கும் நடுவில் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தார். அந்த அவமானத்துக்கு யாராவது ஒருவர் காரணமாக இருந்தே தீர வேண்டும் அல்லவா? அதைக் கண்டுபிடிக்கத்தான் இப்போது குடும்பத்தோடு மறுபடியும் வந்திருந்தார்கள்.

முதலில் மாட்டியது பெட்ரோல். பெண்ணின் அப்பா கலியமூர்த்தி ஹார்டுவேர் கடைக்காரர். மரியாதை தெரிந்த மனிதர்; ஆனால் மரியாதையையும் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்குகிறவர். விருந்து நடக்கும்போதே “மாப்பிள்ளை வண்டிக்கு டேங்க் ஃபுல் பண்ணியாறேன்” என்று சாவியை வாங்கினார். பக்கத்திலேயே பங்க் இருந்தும், ஆற்றைத் தாண்டி எல்லைக்குப் போய் பாண்டிச்சேரி விலையில் நிரப்பிக்கொண்டு வந்தார். கடலூரில் யார்தான் அப்படிச் செய்வதில்லை? ஆனால் அது தன் வண்டிக்கு. சம்பந்தி வண்டிக்குமா என்று கேட்டபோது மனிதருக்குத் தலை நிமிரவில்லை.

“மச்சான், நான் வேணும்னு பண்ணல...” என்று மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து இழுத்தார்.

வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. “அன்னிக்கு அவரு பின்னாடியே போயி நானும் அதே பங்க்ல தான் போட்டேன். எங்க வண்டி நல்லா ஓடுதே!” சிங்காரம்தான். சொன்ன பிறகுதான் தான் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது அவருக்கே நினைவு வந்தது. மொபெட்டின் அந்தப் பக்கம் குனிந்துகொண்டார்.

“அது மொபெட்டுய்யா, ஊத்துனா சாராயத்துலயும் ஓடும். இது டர்போ காரு,” என்றார் மாப்பிள்ளையின் அப்பா வைத்திலிங்கம். ரோடு கான்ட்ராக்டர். சாட்சிக்கு மெக்கானிக்கையும் கூட்டிவந்திருந்தார். “சார்லஸு, நீயே சொல்லு.”

மஞ்சக்குப்பத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் சார்லஸ், கூலிங்கிளாஸை நெற்றியில் ஏற்றிவிட்டு, மூன்றாவது காபியைக் குடித்துக்கொண்டிருந்தான். தன்னைப் பற்றி அவனுக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம். வைத்திலிங்கம் வீட்டு லாரிகளைப் பற்றி அதைவிட உயர்ந்த அபிப்பிராயம். எல்லாம் அவன் ஷெட்டுக்குத்தான் வரும். “பெட்ரோலும் ஒரு காரணமா இருக்கலாம் மொதலாளி. இல்லாமயும் இருக்கலாம்,” என்றான்.

“பெட்ரோலோட போனா பரவாயில்ல,” என்று செல்லாயி அம்மாள் அடுத்ததற்கு வந்தார். உண்மையில் வந்ததே அதற்காகத்தான். “இத்தினி நாளா ஓடுன வண்டி. ஒரு கீறல் விழுந்தது கெடையாது. இந்த ஊட்டுப் பொண்ணு வெரல்ல மோதரம் போட்ட அன்னிக்கே எஞ்சின் போவுதுன்னா என்னா அர்த்தம்? ஜோசியரு சொல்லிட்டாரு. பொண்ணுக்கு ராசி இல்ல. ஸ்ரீமுஷ்ணம் போயி பரிகாரம் பண்ணட்டும். அப்புறமா தேதி பேசலாம்.”

கல் பொறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

வினோதினிக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. கோயிலுக்குப் போவதில் அவளுக்கு ஒன்றும் இல்லை. ஸ்ரீமுஷ்ணத்துக்குச் சும்மாவே போய்வருகிறவள்தான். ஆனால் பரிகாரம் பண்ணினால், ராசி கெட்டவள் என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. நாளைக்கு மாமியார் வீட்டில் பால் திரிந்தாலும், மிக்சி நின்றாலும், லாரி டயர் வெடித்தாலும் விரல் அவள் பக்கம் நீளும். சாகும்வரை நீளும்.

அதைவிட எரிந்தது இன்னொன்று. கார் ஏன் போனது என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னதே, இதோ செல்போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்த மனிதன்தான்.

பெண் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து தினமும் சாயங்காலம் போன் செய்வான். மற்ற மாப்பிள்ளைகள் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். இவன் “சத்தத்தக் கேளு” என்று போனை பானெட்டுக்குள் நீட்டுவான். முதல் வாரம் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, வாழப்போவது இவனோடுதானே என்று கேட்கத் தொடங்கினாள். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி. கோயமுத்தூரிலிருந்து ஒரு சிப் வரவழைத்து, சார்லஸை விட்டு மாட்டி, இன்னும் அதிகக் காற்றைத் திணிக்க வைத்திருந்தான். காற்று ஏறினால் பெட்ரோலும் அதே கணக்கில் ஏற வேண்டும். ஆனால் டேங்குக்குள் இருக்கும் பம்ப்பும், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் கம்பெனி வைத்தவை. கம்பெனி வைத்த வேகத்துக்குத்தான் அவற்றால் கொடுக்க முடியும். அதற்குமேல் மிதித்தால் காற்று இருக்கும், பெட்ரோல் போதாது. சூடேறி உள்ளே பிஸ்டனே உருகும். “பெரிய பம்ப் போடணுமாம். சார்லஸ் கத்துறான். கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்,” என்று அவனேதான் சிரித்துக்கொண்டு சொன்னான்.

நிச்சயதார்த்தத்தன்று பி.முட்லூர் ரோட்டோரத்தில் நின்றுகொண்டு அவன் முதல் போன் செய்ததும் அவளுக்குத்தான். “வினு, புதுச்சத்திரத்துல ஒரு சென்னைக்காரன் ஓவர்டேக் பண்ணான். விடுவனா? முழுசா மிதிச்சேன். பம்பு கால வாரிடுச்சி. சார்லஸ் சொன்னது சரியாப் போச்சி.” பின்னால் செல்லாயி அம்மாள் யாரையோ திட்டுவது அந்தப் போனிலேயே கேட்டது.

இப்போது அவன் பேசுவான் என்று காத்திருந்தாள். காபி ஆறியது. அவன் செல்போனை இன்னொரு தடவை தடவினான்.

“சார்லஸ் அண்ணே,” என்றாள் வினோதினி. “பெட்ரோல் மேல தப்பு இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம்னீங்க. அப்போ நீங்க மாட்டின சிப்பு மேல தப்பு இருக்கலாமா? உங்க வேல சரியில்லன்னு எடுத்துக்கலாமா?”

அடி சரியான இடத்தில் விழுந்தது. சார்லஸ் டம்ளரை ணங்கென்று வைத்தான். “யாரு வேல சரியில்ல? ஏம்மா, மஞ்சக்குப்பத்துல வந்து கேட்டுப் பாரு! நான் மாட்டுனதுல ஒரு நட்டு பெசகாது. அந்த வண்டி பம்பு நூத்தம்பது குதிரைக்குத் தண்ணி காட்டுற பம்பு. இவரு இருநூறு குதிரையக் கட்டிட்டாரு. குடிக்கத் தண்ணி பத்தலன்னா குதிர என்னா பண்ணும்? வாய் வெந்து சாவும். பம்ப மாத்து, இன்ஜெக்டர மாத்து, அது வரைக்கும் முழுசா மிதிக்காதன்னு தலதலயா அடிச்சிக்கினேன். கேட்டாரா?” சொல்லி முடித்தபிறகுதான் வைத்திலிங்கத்தின் முகத்தைப் பார்த்தான். கூலிங்கிளாஸைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டான்.

“கேட்டுக்கினீங்களா அத்தை?” என்றாள் வினோதினி. “இதையே அன்னிக்கு சாயங்காலம் ரோட்டுலேருந்து உங்க புள்ளையும் எங்கிட்ட போன்ல சொன்னாரு. பம்பு கால வாரிடுச்சின்னு. அவரையே கேளுங்க.”

செல்லாயி அம்மாளா அசருவார்? “பாத்தீங்களா, பாத்தீங்களா! கட்டிக்கப்போறவன் போன்ல தனியாப் பேசுனத சபையில எடுத்து வுடுறா. இவ நாளைக்கு எங்க ஊட்டு விஷயத்த ஊரு முழுக்கத் தமுக்கு அடிக்க மாட்டாளா?”

“அண்ணி, அவ கேட்டதுக்கு பதில் சொல்லுங்க,” என்றாள் தங்கம்மாள். மெதுவாக என்று அவள் இப்போது சொல்லவில்லை.

“என்னா பதிலு? பம்பு போச்சி, சரி. அந்தப் பம்பு அதுக்கு முந்தின நாளு ஏன் போவல? அடுத்த நாளு ஏன் போவல? மோதரம் போட்ட அன்னிக்கே ஏன் போச்சி? சொல்லு!”

இதற்கு எந்த மெக்கானிக்கால் பதில் சொல்ல முடியும்? கோயமுத்தூரிலிருந்து ஆளை வரவழைத்து, எஞ்சினைப் பிரித்து வரிசையாக வைத்துக் காட்டினாலும் இந்தக் கேள்வி அப்படியே நிற்கும். மகன் மிதித்தது காரணமில்லை, சிப் காரணமில்லை, கல்யாணத்துக்கு அப்புறம் என்று தள்ளிப்போட்டது காரணமில்லை. கார் எழுபது மைல் தள்ளி இருந்தாலும் சரி, ஏழு மைல் தள்ளி இருந்தாலும் சரி, வீட்டில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்த பெண்தான் காரணம்! வாசலில் சிங்காரத்தின் மனைவிக்கே பொறுக்கவில்லை. “நல்லாருக்குதே ஞாயம்,” என்று அரிசியிடம் சொன்னாள்.

வினோதினி மாமியாரை விட்டுவிட்டாள். கூடத்துக்குள் வந்து செந்தமிழ்செல்வன் எதிரில் நின்றாள்.

“நீங்க சொல்லுங்க. நான் ராசி இல்லாதவளா?”

அவன் அம்மாவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

“அப்படிச் சொல்லல வினு...”

“இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்.”

“எதுக்குப் பெருசு பண்ற? அம்மா மனசு திருப்திக்கு ஒரு தடவ போயிட்டு வந்துட்டா என்னா ஆயிடப் போவுது? நானே கூட்டினு போறேன். எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

“எதுல போறது? வண்டிதான் வெந்து கெடக்குதே,” என்று வாசலில் யாரோ சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வினோதினி சிரிக்கவில்லை. மோதிரத்தைக் கழற்றப் போனாள். அது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது; வரவில்லை. எல்லோரும் பார்க்க, கோபத்தில் கண் நிறைய, அவள் அதைத் திருகிக்கொண்டே நின்றாள். அந்த நேரத்திலாவது அவன் எழுந்து கையைப் பிடித்திருக்கலாம். சார்லஸ்கூட அரை அடி முன்னால் வந்தான். இவன் உட்கார்ந்தே இருந்தான். மோதிரம் வந்தது. டீப்பாய் மேல் வைத்தாள்.

“அவசரப்படாதம்மா!” என்று கலியமூர்த்தி பதறினார். “மச்சான், சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணிட்டா. பரிகாரம்தானே, பண்ணிடலாம். வேற எஞ்சின் வாங்குற செலவக்கூட...”

“அப்பா,” என்றாள் வினோதினி. “நீங்க எல்ல தாண்டிப் போயி பெட்ரோல் போட்டதுல எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல. இப்பப் பேசறீங்களே, இதுதான் வெக்கமா இருக்குது.”

தங்கம்மாள் உள்ளே போனாள். அழப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மகளுக்கு அவர்கள் கொடுத்த நிச்சயப் புடவையை மடித்து, அவர்கள் கொண்டுவந்த அதே தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து எடுத்துவந்தாள். செல்லாயி அம்மாள் கையில் கொடுத்து, “பாத்துப் போங்க அண்ணி. பஸ் ஸ்டாண்டுல சிதம்பரம் வண்டி நெறைய இருக்குது,” என்றாள்.

அவர்கள் போன பிறகு தெரு இரண்டாகப் பிரிந்தது. பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி என்று ஒரு பாதி. மாப்பிள்ளைக்கு வாயே இல்லை என்று இன்னொரு பாதி. முதல் பாதிதான் பெரியது. சொல்வதற்கு என்ன வெட்கம்? எஞ்சினை வேக வைத்தவனை “வேகப் பிரியன்” என்றார்கள். அந்தக் காரில் ஏறவே ஏறாத ஒருத்தியை “அந்தக் கார்ப் பொண்ணு” என்றார்கள். அடுத்து வந்த இரண்டு வரன்கள் அந்தப் பேரைக் கேட்டுவிட்டே திரும்பிப் போயின. பண்ருட்டிக்காரர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் தங்கள் வேனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்களாம். தங்கம்மாள் அவர்களுக்குக் காபி கொடுக்கவில்லை.

செந்தமிழ்செல்வனுக்கு அடுத்த தையிலேயே விருத்தாசலத்தில் பெண் கிடைத்தது. முன்னெச்சரிக்கையாக இந்தத் தடவை நிச்சயத்துக்கு எல்லோரையும் பஸ்ஸில் அழைத்துப் போனார் செல்லாயி அம்மாள். மருமகள் வந்த ஒரே வருஷத்தில் கணவனைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குத் தனிக்குடித்தனம் போனாள். அதற்கும் ஏதாவது பரிகாரம் உண்டா என்று செல்லாயி அம்மாள் ஜோசியரைக் கேட்டதாகக் கேள்வி. சார்லஸிடம் வைத்திலிங்கத்தின் லாரிகள் வருவது நின்றது. ஷெட்டை மைத்துனனிடம் விட்டுவிட்டு அவன் துபாய் போய்விட்டான்.

வினோதினி 2011-இல் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை சுப்பராயலு, காரைக்காலில் அரசுப் பள்ளி வாத்தியார். பெண் பார்க்க வந்தபோது, முன்னால் நடந்ததையெல்லாம் அவளே சொல்லிவிட்டாள். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, “அந்த அம்மா ஷேர் ஆட்டோவுல எந்தப் பக்கம் உக்காந்தாங்க, மீன்கூடப் பக்கமா, கொழந்தப் பக்கமா?” என்று கேட்டாராம். அவள் சிரித்ததை எதிர்வீட்டில் கேட்டார்கள். இப்போது காரைக்காலில்தான் இருக்கிறாள். பொங்கலுக்கு மட்டும் வருகிறாள்.