அரசி மறுபடி சாக வேண்டும்

கீழ்வேளூர்ப் பக்கம் முருகையன் உட்கார்ந்து பார்க்கிற நாடகத்தில் யாரும் ஒரே தடவை செத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. சாவு பிடித்துவிட்டால் மனுஷன் முன்வரிசையில் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு "ஒன்ஸ்மோர்" என்பார். செத்தவர் எழுந்து மீசையைச் சரிசெய்துகொண்டு முதலிலிருந்து சாக வேண்டும். இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. ரசிக்கிற வேலையை மொத்தமாக அவர் தலையில் கட்டிவிட்டு ஊர் நிம்மதியாக இருந்தது. அவர் கைதட்டினால் ஊரும் தட்டும், அவர் கொட்டாவி விட்டால் ஊரும் விடும்.

அவர் போகாத இடமில்லை. வலங்கைமானில் நாடகம் என்று காதில் விழுந்தால் போதும், உழவு பாதியில் இருந்தாலும் டிராக்டரை வரப்போரம் நிறுத்திவிட்டு பஸ் ஏறிவிடுவார். தஞ்சாவூர்க் கச்சேரி ஒன்றில் மிருதங்கத்துக்கு ஒன்ஸ்மோர் கேட்டார். சரி, கேட்கலாம். கடைசியில் நன்றியுரைக்கும் கேட்டார். நன்றி சொன்னவர் பாவம், கண்கலங்கி எல்லோருக்கும் முதலிலிருந்து மறுபடி நன்றி சொன்னார்.

ஊர் நாடக மன்றமும் அவருக்கேற்றபடி பழகிப்போயிருந்தது. ஒரு சாவோடு காட்சி முடிந்தால் அடுத்த காட்சிக்கு வேஷம் மாற்ற நேரம் போதாது. எல்லாக் கணக்கும் இரண்டு சாவுக்குத்தான். வருஷா வருஷம் ராஜா வேஷம் கட்டிச் சாகிறவர் டூவீலர் மெக்கானிக் பஞ்சநதம். ஒரு வருஷம் நாலு தடவை செத்து, கடைசிச் சாவில் அசந்து தூங்கியே போனார். ஆனாலும் அவருக்கு அதில் பெருமைதான். ஒன்ஸ்மோர் வாங்காத சாவெல்லாம் ஒரு சாவா என்பது அங்கே பேச்சு. ஒரே தடவை செத்த நடிகரைக் கடைத்தெருவில் பார்த்தால் நின்று துக்கம் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

இந்த வருஷம் சாகப்போவது முருகையனின் மகள் தமிழ்நிலா.

நாகப்பட்டினத்தில் மருந்துக்கடை பார்மசிஸ்ட். ராஜாவுக்கு வைத்த நஞ்சுப் பாலை ராணி வாங்கிக் குடித்துவிடுகிற கதை. எது உள்ளே போனால் என்ன செய்யும் என்று படித்த பெண் என்பதால், கை எப்போது நடுங்கும், கண் எப்போது சொருகும் என்று யோசித்து யோசித்துப் பழகினாள். அடுப்படியில் செத்தாள், நெல் மூட்டைகளுக்கு நடுவே செத்தாள். அவள் அம்மா அம்சத்துக்கு நாடகமென்றாலே ஆகாது. முதலில் பதறினாள், பிறகு மகளைத் தாண்டிப்போய்க் குழம்பைக் கிளறினாள். அப்பாவை மட்டும் தமிழ்நிலா கிட்டே விடவில்லை. அவர் மேடையில்தான் புதிதாகப் பார்க்க வேண்டும் என்றுவிட்டாள்.

அறுப்பு முடிந்த வயலில் மேடை போட்டிருந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் நாடகம். தொடங்குவதற்கு முன் ராணி வேஷத்தோடு படுதாவுக்குப் பின்னால் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"பெத்த பொண்ணுன்னு பாத்துச் சொல்ல வேணாம்ப்பா. நல்லா இருந்தா மட்டும் சொல்லுங்க. நல்லா இருந்தும் சொல்லாம இருந்துட்டீங்கன்னா, அப்பறம் நான் மேடையே ஏற மாட்டேன்."

இதெல்லாம் ஒரு விஷயமா என்று முருகையன் சிரித்துவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

தமிழ்நிலா நன்றாகச் செத்தாள். அப்படி ஒரு சாவை முருகையன் பார்த்ததில்லை. டம்ளர் நழுவியது, விரல்கள் காற்றில் எதையோ தேடின, தலை மெதுவாகச் சாய்ந்தது. அவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். ஊர் கைகளை விரித்துத் தயாராக வைத்துக்கொண்டது. ஆனால் அவருக்குச் சத்தம் வரவில்லை. எத்தனையோ பேரை ஈவிரக்கமில்லாமல் சாகடித்த மனுஷனுக்கு, பெற்ற பெண்ணை இன்னொரு தடவை சாகச் சொல்ல நாக்கு எழவில்லை.

எல்லாம் நின்றுபோனது. ராஜா பஞ்சநதம் அழுத அழுகையையே திரும்ப அழுதார். ஆர்மோனியக்காரர் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிருந்தார். இரண்டாவது சாவுக்குத்தான் படுதாவை இழுத்துப் பழக்கம் என்பதால் அதை இழுக்கிறவர் கயிற்றோடு நின்றார். மகளுக்காக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்சம் கணவனின் வேட்டியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். செத்துக் கிடந்த ராணி ஒரு கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் தண்ணீர் நின்றது. அது நடிப்பில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

அதற்குமேல் தாங்காமல் செருப்போடு மேடையேறினார். ராஜாவை ஒதுக்கித் தள்ளிவிட்டு உட்கார்ந்து, மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மைக் நேர் மேலே தொங்கியது.

"எந்திரிம்மா. நீ செத்தது போதும். அப்பாவால பாக்க முடியல. வா, வீட்டுக்குப் போவோம்."

பிறகு, முருகையன் சொல்லாமல் வாயைத் திறந்தறியாத அந்த ஊர் முதல் தடவையாகச் சொந்தமாக ரசித்தது. கடைசி வரிசையில் யாரோ ஆரம்பிக்க, பெண்கள் பக்கம் பரவி, வரப்பில் நின்றவர்கள்வரை எல்லோரும் "ஒன்ஸ்மோர்" என்று கத்தினார்கள்.

தமிழ்நிலாவின் முகம் மலர்ந்துவிட்டது. மடியில் கிடந்தபடியே, உதடு அசையாமல் பேசினாள்.

"கேக்குறாங்கப்பா. கீழ போயி உக்காருங்க."

"எதுக்கும்மா?"

"நான் மறுபடி சாகணும். நீங்க மறுபடி ஏறி வரணும்."

தன்னால் ஆகாது என்று அவர் தலையை ஆட்டினார். பஞ்சநதம் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு அவர் காதருகே குனிந்தார்.

"நாலு தடவ செத்தவன் சொல்றேண்ணே. ரெண்டாவதுதான் நல்லா வரும். போங்க."

முருகையன் இறங்கிப்போய் உட்கார்ந்தார். ராஜாவுக்குப் புதிதாக ஒரு டம்ளர் பால் வந்தது. தமிழ்நிலா வாங்கிக் குடித்து, முன்பைவிட நன்றாகச் செத்தாள். இந்தத் தடவை அவர் நினைவாகச் செருப்பைக் கீழேயே கழற்றினார். வியர்த்துக்கொட்டியதில் துண்டை நாற்காலியிலேயே போட்டுவிட்டு மேடையேறினார். மகளின் தலையை மடியில் வைத்து, "எந்திரிம்மா" என்றார். மீதி வார்த்தைகள் வரவேயில்லை. எழுந்து வரப்போகிற பெண்ணுக்காகக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கீழே முன்வரிசையில் அம்சம் எழுந்து நின்றாள். நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஒன்ஸ்மோர்" என்றாள்.